காவலரின் கண்: சிறைப் பாதுகாப்பு இடர் மதிப்பீட்டுப் பயிற்சியின் வரலாறும் தமிழர் பட்டறிவும்

அம்மருட், ஒஸ்லோ, நோர்வே

முன்னுரை

சிறைச்சாலையின் வரலாறு பெரும்பாலும் சிறையிருந்தோரின் வரலாறாகவும், சிறையைக் கட்டிய அரசுகளின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. இவ்விருவருக்கும் இடையே நின்ற காவலர் என்ன கற்றார், எதனை ஆபத்து என்று அறிந்தார், எதனை அறியத் தவறினார் என்னும் வினா தமிழில் அதிகம் எழுப்பப்படவில்லை. சிறை உத்தியோகத்தருக்குப் பாதுகாப்பு இடர்களை மதிப்பிடக் கற்பிக்கும் மரபு நோர்வேயில் எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரை சுருக்கமாக வரைகிறது. பின்னர், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் தமிழர் கண்ட சில சிறை நிகழ்வுகளை அந்த மரபின் அருகே வைத்து நோக்குகிறது.

இந்த ஒப்பீட்டிற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1956ஆம் ஆண்டில் அந்தோனி இராசேந்திரம் நோர்வே வந்து சேர்ந்ததிலிருந்து இந்நாட்டின் தமிழர் வருகை கணக்கிடப்படுகிறது. எனினும் இங்குள்ள தமிழ்ச் சமூகத்தின் பெரும்பகுதி 1983 யூலைக்குப் பின்னரே பெருகியது. வடமுனையின் மீன்பிடி ஊர்களில் முதலில் வேலை செய்தவர்கள் பலர் பின்னர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்து, அம்மருட் முதலான குரூருட் பள்ளத்தாக்குக் குடியிருப்புகளில் வாழத் தலைப்பட்டனர். அவர்களைப் புலம்பெயரச் செய்த அந்த யூலையின் நிகழ்வுகளுள் ஒன்று சிறைச்சாலைக்குள் நடந்த படுகொலை. ஆகவே சிறைப் பாதுகாப்பு என்பது இச்சமூகத்திற்கு அயலான பொருளன்று.

காப்பியங்களில் காவலர்

இடரை மதிப்பிடும் காவலர் தமிழ் இலக்கியத்திற்குப் புதியவர் அல்லர். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லனுடன் வரும் காவலர், கோவலனைக் கண்டதும் இவன் கள்வனாகத் தோன்றவில்லை என்கின்றனர். அது நேரிற் கண்டு செய்த மதிப்பீடு. பொற்கொல்லனோ அவர்களை நகைத்து, களவு நூல் கூறும் கள்வர் துணைகள் எட்டினையும் விரித்துரைத்து, கோவலனின் அமைதியையே அவன் குற்றத்திற்குச் சான்றாக்கி விடுகிறான். வேறொரு காவலன், தான் முன்பு எதிர்கொண்ட கள்வன் ஒருவனின் கதையைச் சொல்கிறான். அச்சம் பரவுகிறது. இறுதியில் வாளை வீசியவனைக் கல்லாதவன் என்றும் களிமகன் என்றும் இளங்கோவடிகள் குறிக்கிறார்.

நேரிற் கண்டதை நூலறிவு என்னும் பெயரில் ஒதுக்குவதும், பழைய அச்சத்தைப் புதிய மனிதன்மேல் ஏற்றுவதும், பயிற்சியற்றவன் கையில் இறுதி முடிவு சேர்வதும் இக்காட்சியில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. இன்றைய இடர் மதிப்பீட்டுப் பயிற்சி எச்சரிக்கும் பிழைகளும் பெரும்பாலும் இவையே.

மணிமேகலையின் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை மறுதலையான காட்சியைத் தருகிறது. சிறைக்குள் நுழைந்து ஒரே பாத்திரத்தால் பலரின் பசி தீர்த்த மணிமேகலையைக் கண்டு காவலர் வியக்கின்றனர். அவளைத் தடுத்து நிறுத்தாமல், கண்டதை அரசனிடம் அறிவிக்கின்றனர். வழக்கத்திற்கு மாறான ஒன்றைக் கவனித்து, அதனை உடனே பகையாகக் கருதாமல் மேலிடத்திற்குச் சொல்லும் அந்த நடத்தையின் பயனாகவே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. காப்பியக் காட்சிகளை நிருவாக வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ள இயலாது. ஆயினும் காவலரின் கவனிப்பு உயிர்களைக் காக்கவும் அழிக்கவும் வல்லது என்னும் உணர்வு தமிழ் மரபில் தொன்மையானது என்பதற்கு அவை போதிய சான்று.

நோர்வே: சுவரிலிருந்து மனிதருக்கு

ஒஸ்லோவின் குரன்லாந் பகுதியில் 1851இல் திறக்கப்பட்ட பூட்ஸ்பெங்செலெ, அமெரிக்காவின் பிலடெல்பியா முறையைப் பின்பற்றியது. ஒவ்வொரு கைதியும் தனி அறையில், பிறரைக் காணாமலும் பேசாமலும் இருந்து மனம் திருந்த வேண்டும் என்பது அதன் கோட்பாடு. அத்தகைய சிறையில் பாதுகாப்பு என்பது கட்டடத்தின் பணி. கதவு பூட்டியிருக்கிறதா, எண்ணிக்கை சரியா என்று பார்ப்பதே காவலருக்குரிய வேலை. கைதியை அறிந்துகொள்வது அவர் கடமையில் அடங்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பயன்பட்ட அக்கட்டடம், பழுதடைந்த நிலையில் 2017இல் மூடப்பட்டது.

சிறைக் காவலருக்கெனத் தனிப் பள்ளி நோர்வேயில் 1937இல் நிறுவப்பட்டது. பின்னாளில் அது சீர்திருத்தப் பணிக்கான கல்வி நிலையமாக வளர்ந்து, ஒஸ்லோவின் தைசன் பகுதியில் நெடுங்காலம் இயங்கி, இப்போது லில்லெஸ்ட்ரோம் நகரில் உயர்கல்வித் தகுதியுடன் இயங்குகிறது. குருஸ் என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்நிறுவனத்தில் பயிற்சி இரண்டு ஆண்டுகள் நீடிக்கிறது. பயிலுநர் அக்காலத்தில் ஊதியம் பெறுகின்றனர். வகுப்பறைக் கல்வியும் சிறைகளில் செய்முறைப் பயிற்சியும் மாறிமாறி அமைகின்றன. சட்டம், உளவியல், குற்றவியல், ஒழுக்கவியல் ஆகியன பாதுகாப்புப் பாடத்துடன் இணைத்துக் கற்பிக்கப்படுகின்றன.

இம்மாற்றத்தின் அறிவுப் பின்புலத்தில் ஓர் ஆய்வுக்குத் தனியிடம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி நோர்வேயை ஆக்கிரமித்திருந்தபோது, 1942-43இல் வட நோர்வேயின் முகாம்களில் யூகோஸ்லாவியக் கைதிகள் அடைக்கப்பட்டனர். அங்குக் காவலராகப் பணியாற்றிய நோர்வேயரில் சிலர் கைதிகளைக் கொன்றனர், வதைத்தனர். வேறு சிலர் அவ்வாறு செய்யவில்லை. இந்த வேறுபாடு எதனால் வந்தது என்று இளம் மாணவரான நில்ஸ் கிறிஸ்தி ஆராய்ந்து 1952இல் ஆய்வேடு எழுதினார். வதைத்தவர்களுக்குக் கைதிகள் மனிதராகத் தோன்றவில்லை. வதைக்காதவர்களோ கைதிகளுடன் ஓரளவேனும் பழகியிருந்தனர். கைதிகள் காட்டிய மனைவி மக்களின் படங்களைப் பார்த்திருந்தனர். அண்மை கொடுமையைத் தடுக்கிறது என்பதே அவர் கண்ட முடிவு. கிறிஸ்தி பின்னாளில் உலகறிந்த குற்றவியலாளரானார்.

காவலர் கைதியை நெருங்கி அறிவது கருணைச் செயல் மட்டுமன்று, அதுவே பாதுகாப்பின் வழியும் ஆகும் என்னும் கருத்து இங்கிலாந்திலும் வளர்ந்தது. ஜோர்ஜ் பிளேக் என்னும் உளவாளி 1966இல் தப்பியோடிய பின் அமைந்த மவுண்ட்பேட்டன் விசாரணை, கைதிகளை அவர்தம் ஆபத்தின் அளவுக்கேற்ப நான்கு வகையாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. அது தப்பியோடும் இடரை மையமாகக் கொண்ட சிந்தனை. 1980களில் இயன் டன்பார் இயங்குநிலைப் பாதுகாப்பு என்னும் கருத்தை முன்வைத்தார். 1990இல் மான்செஸ்டர் நகரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் மூண்ட பெருங்கலவரத்தை ஆராய்ந்த வுல்ஃப் அறிக்கை, பாதுகாப்பு, கட்டுப்பாடு, நீதி ஆகிய மூன்றும் சமனாக நிற்கும்போதே சிறை நிலைகொள்ளும் என்றது.

நோர்வேயில் 1958ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்திற்குப் பதிலாக 2001இல் தண்டனை நிறைவேற்றச் சட்டம் இயற்றப்பட்டு, 2002 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றத்தில் 2008இல் முன்வைக்கப்பட்ட வெள்ளை அறிக்கை, சிறைக்குள் வாழ்வு வெளியுலக வாழ்வை இயன்றவரை ஒத்திருக்க வேண்டும் என்னும் இயல்புநிலைக் கொள்கையை வலியுறுத்தியது. 2010இல் திறக்கப்பட்ட ஹால்டன் சிறை அக்கொள்கையின் கட்டட வடிவமாகப் பலராலும் குறிப்பிடப்படுகிறது.

மூவகைப் பாதுகாப்பும் இடர் மதிப்பீடும்

நோர்வேயின் பயிற்சியில் பாதுகாப்பு மூன்றாகப் பகுக்கப்படுகிறது. சுவர், கதவு, பூட்டு, கண்காணிப்புக் கருவி ஆகியன நிலைப் பாதுகாப்பு. பணிமுறை, ஆட்பலம், பொறுப்புப் பகிர்வு, அறிக்கை ஒழுங்கு ஆகியன அமைப்புநிலைப் பாதுகாப்பு. காவலர் கைதிகளுடன் உண்டும் உரையாடியும் வேலைகளில் பங்கெடுத்தும் பெறுகின்ற அறிவும் உறவும் இயங்குநிலைப் பாதுகாப்பு. ஒவ்வொரு கைதிக்கும் ஒரு தொடர்பு உத்தியோகத்தர் நியமிக்கப்படுகிறார். நாளாந்தப் பணியில் காவலர் துப்பாக்கி ஏந்துவதில்லை.

இவ்வுறவிலிருந்து கிடைக்கும் அறிவை மதிப்பீடாக மாற்றுவதே பயிற்சியின் கடினமான பகுதி. வழக்கமாக உணவுக்கூடத்தில் ஒன்றாக அமர்பவர்கள் பிரிந்து அமர்கிறார்கள். ஒருவர் முற்றத்திற்கு வருவதை நிறுத்துகிறார். இன்னொருவர் தம் உடைமைகளைப் பிறருக்குக் கொடுத்து விடுகிறார். வேறொருவர் சிறைக் கடையில் தேவைக்கு மிஞ்சி வாங்கிச் சேர்க்கிறார். வழக்கமாக இரைச்சல் மிகுந்த ஒரு கூடம் அமைதியாகிறது. இவை தனித்தனியே பொருளற்றவையாக இருக்கலாம். கடன், மிரட்டல், தற்கொலை எண்ணம், திரண்டு வரும் கலவரம் ஆகியவற்றின் முன்னறிகுறிகளாகவும் இருக்கலாம். கண்டதையும் கண்டதற்குத் தாம் கொடுக்கும் பொருளையும் வேறுபடுத்தி எழுதப் பழகுவது காவலரின் முதற்பாடம். ‘அவர் கோபமாக இருந்தார்’ என்பது பொருள்கோள். ‘இரண்டு நாட்களாக வாழ்த்துக்கு மறுமொழி சொல்லவில்லை’ என்பது காட்சி. வள்ளுவர் குறிப்பறிதல் என்று அதிகாரம் வகுத்த அறிவை, இப்பயிற்சி எழுத்துக்கும் பொறுப்புக்கும் உட்படுத்துகிறது எனலாம்.

தனிமனிதர் வன்முறையில் ஈடுபடும் வாய்ப்பை மதிப்பிடும் கருவிகளும் இக்காலத்தில் வளர்ந்தன. 1990களில் கனடாவில் உருவான எச்.சி.ஆர்-20 என்னும் கருவி கடந்த காலக் காரணிகள் பத்து, தற்போதைய உளநிலைக் காரணிகள் ஐந்து, வருங்காலச் சூழல் காரணிகள் ஐந்து என இருபதனை ஆராய்கிறது. மாறாத காரணிகளையும் மாறக்கூடியவற்றையும் பிரித்தறிவது அதன் பயன். ஒருவரின் பழைய குற்றம் மாறாது. அவருடைய தனிமை, கடன், அச்சம் ஆகியன மாறும். காவலரால் மாற்றவும் முடியும். கருவி தீர்ப்புக்குத் துணை நிற்கலாம். தீர்ப்பாகவே மாறிவிட்டால், பொற்கொல்லன் கையிலிருந்த களவு நூலுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

நோர்வேயின் நடைமுறையும் குறையற்றதன்று. சிறைகளில் தனிமைப்படுத்தல் மிகுதியாக இருப்பதைக் குறித்து அந்நாட்டின் நாடாளுமன்றக் குறைகேள் அலுவலர் 2019இல் தனி அறிக்கையே சமர்ப்பிக்க நேர்ந்தது. காவலர் எண்ணிக்கை குறையும்போது முதலில் குறைவது கைதிகளுடன் செலவிடும் நேரம். அந்நேரம் குறைந்தால் இயங்குநிலைப் பாதுகாப்பு பாடநூலில் மட்டுமே எஞ்சும்.

வெலிக்கடை, 1983

கொழும்பின் வெலிக்கடைச் சிறை 1841இல் கட்டப்பட்டது. 1983 யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதான தமிழர் பலர் அங்கு அடைக்கப்பட்டிருந்தனர். நகரெங்கும் தமிழருக்கு எதிரான வன்முறை பரவிக்கொண்டிருந்தபோது, யூலை 25ஆம் நாள் சிங்களக் கைதிகளின் கூட்டம் தமிழ்க் கைதிகளைத் தாக்கி 35 பேரைக் கொன்றது. தங்கத்துரை, குட்டிமணி, ஜெகன் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். உயிர் தப்பியோர் அதே வளாகத்திற்குள் வேறொரு கட்டடத்திற்கு மாற்றப்பட்டனர். யூலை 27ஆம் நாள் அக்கட்டடமும் தாக்கப்பட்டு, காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம் உட்பட 18 பேர் கொல்லப்பட்டனர். மொத்தம் 53 பேர். எஞ்சியோர் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அக்கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இந்நிகழ்வு இன ஒடுக்குமுறையின் வரலாற்றில் பெற்றுள்ள இடம் நன்கறியப்பட்டது. சிறைப் பாதுகாப்பின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. வெலிக்கடையில் சுவர் இருந்தது, பூட்டு இருந்தது, காவலும் இருந்தது. யாரும் தப்பவில்லை. தப்பியோடுதலையே இடர் என்று கொள்ளும் எந்த மதிப்பீட்டின்படியும் அச்சிறை பாதுகாப்பான சிறையே. அங்கே இடர் வேறு திசையில் இருந்தது. அடைக்கப்பட்டவர்களே ஆபத்துக்குள்ளானவர்கள். பூட்டிய கதவு அவர்களுக்குக் காப்பாகவில்லை. தப்ப வழியில்லாத பொறியாயிற்று.

இரு தாக்குதல்களுக்கு இடைப்பட்ட நாள் தனிக் கவனத்திற்குரியது. 25ஆம் நாளுக்கு முன் இடர் ஊகமாக இருந்தது என்று வாதிடுவோர் இருக்கலாம். அந்நாளுக்குப் பின் அது ஊகமன்று. யார் தாக்குவர், யாரைத் தாக்குவர் என்பதெல்லாம் வெளிப்பட்டபின்னும் உயிர் பிழைத்தோர் அதே வளாகத்தில் வைக்கப்பட்டனர். இதனை அறியாமையால் நேர்ந்த பிழையென்று கூறுவது பொருந்தாது. தப்பியோரின் சாட்சியங்கள் சிறை அலுவலர் சிலரின் உடந்தையையும், வேறு சிலர் தடுக்க முயன்றதையும் பேசுகின்றன. இடரை அறிந்தும் செயற்படாமை, அறிந்தே துணைபோதல் ஆகியவற்றைப் பயிற்சி மட்டும் தடுத்துவிடாது. ஆனால் ‘என் பொறுப்பில் உள்ளவரை யார் தாக்கக்கூடும்’ என்னும் வினா பயிற்சியிலும் பதிவேட்டிலும் கட்டாயமாக இடம்பெற்றிருந்தால், அறியவில்லை என்னும் மறுமொழிக்கு இடமிராது.

செப்டெம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்புச் சிறை உடைக்கப்பட்டு, அங்கிருந்த தமிழ்க் கைதிகள் வெளியேறினர். பாதுகாக்கத் தவறும் சிறையிலிருந்து தப்புவதே பாதுகாப்பு என்று கைதிகள் முடிவு செய்யும் நிலையை அரசே உருவாக்கியிருந்தது. உயிர்க்காப்பு இடரைப் புறக்கணித்தல் தப்பியோடும் இடரைப் பெருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

வெலிக்கடையில் 2012 நவம்பரில் தேடுதல் நடவடிக்கையைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் 27 கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களுள் எண்மரின் கொலைக்காக அக்காலச் சிறை அதிகாரி ஒருவருக்கு 2022 சனவரியில் கொழும்பு மேல்நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1983இல் கிட்டாத பொறுப்புக்கூறல் ஓரளவேனும் அங்கு நிகழ்ந்தது.

வேலூரும் சென்னையும்

இந்தியச் சிறை நிருவாகம் 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தின் மேல் நெடுங்காலம் நின்றது. அச்சட்டத்தின் நோக்கில் காவலர் ஒழுங்கின் காப்பாளர். சென்னை மாகாண ஆட்சிப்பணியைச் சேர்ந்த அலெக்சாண்டர் கார்டியூவின் தலைமையில் 1919-20இல் இயங்கிய இந்தியச் சிறைக்குழு, கைதியின் சீர்திருத்தத்தைச் சிறையின் நோக்கங்களுள் ஒன்றாக நிறுத்தியது. நீதிபதி முல்லாவின் தலைமையில் 1980 முதல் 1983 வரை பணியாற்றிய அனைத்திந்தியக் குழு, சிறைப்பணிக்குத் தனி அகில இந்தியப் பணித்துறையையும் முறையான பயிற்சியையும் வேண்டியது. அதற்குச் சற்று முன்பே, 1979இல், தென் மாநிலங்களின் சிறை அலுவலருக்கான வட்டார நிறுவனம் வேலூரில் தோன்றியிருந்தது. சிறைகள் மற்றும் சீர்திருத்த நிருவாகக் கல்விக்கழகம் என்று இன்று அறியப்படும் இந்நிறுவனம் தமிழ்நிலத்தின் சிறைப்பயிற்சி வரலாற்றில் முதன்மையானது.

அதே வேலூரில் 1995 ஆகஸ்டில், கோட்டைக்குள் திப்பு மகாலில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டி வெளியேறினர். அது சிறைத்துறையின் சிறையன்று, காவல்துறை காத்த தடுப்பிடம். கருங்கல் மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டை நிலைப் பாதுகாப்பின் உச்சம். சுரங்கமோ ஒரே இரவில் தோண்டப்படுவதன்று. நாள்தோறும் உள்ளே சென்று, பேசி, மாற்றங்களைக் கவனிக்கும் கண் இல்லாத இடத்தில் மதிலின் வலிமை காவலரைச் சோர்வடையச் செய்கிறது.

சென்னை மத்திய சிறையில் 1999 நவம்பர் 17ஆம் நாள், கைதி ஒருவர் மருத்துவமனையில் இறந்த செய்தி பரவியதும் கலவரம் வெடித்தது. துணைச் சிறை அலுவலர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச்சூட்டில் கைதிகள் பலர் மாண்டனர். ஓர் இறப்புச் செய்தி எவ்வாறு பரவும், யார் அதனைச் சொல்ல வேண்டும், எவரிடம் சினம் திரண்டிருக்கிறது என்பன அறியப்பட வேண்டியவை. அவற்றை அறியும் முறை இல்லாதபோது அதன் விலையைக் காவலரும் கைதியரும் சேர்ந்தே செலுத்தினர். சிறைக்காவலரின் உயிரும் இடர் மதிப்பீட்டின் தரத்தைச் சார்ந்தது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது. பழைய மத்திய சிறை 2006இல் மூடப்பட்டு, கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டனர்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறுகளை இணைத்து நோக்கும்போது ஒரு முடிவு புலப்படுகிறது. சிறைப் பாதுகாப்பு இடர் இருதிசைப்பட்டது. கைதியால் நேரக்கூடிய இடர் ஒன்று. கைதிக்கு நேரக்கூடிய இடர் மற்றொன்று. வேலூர் முதலாவதைக் காணத் தவறியது. வெலிக்கடை இரண்டாவதைக் காண மறுத்தது. சென்னையில் இரண்டும் ஒருங்கே வெடித்தன. நோர்வேயின் பயிற்சி மரபின் வரலாற்று முதன்மை, அது இவ்விரு திசைகளையும் ஒரே காவலரின் ஒரே கவனிப்பில் ஒன்றிணைத்ததில் உள்ளது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளுள் 76ஆம் விதி, சிறைப் பணியாளர் பயிற்சியில் இயங்குநிலைப் பாதுகாப்பும், பேச்சுவார்த்தை முதலான தணிப்பு முறைகளும் இடம்பெற வேண்டும் என்கிறது. எனவே இது இன்று ஒரு நாட்டின் தனி வழக்கமாக நிற்கவில்லை.

தமிழியல் ஆய்வு இத்துறைக்குச் செய்யக்கூடிய பணிகள் இரண்டு. வெலிக்கடையில் உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களும் நினைவுக்குறிப்புகளும் இதுவரை அரசியல் ஆவணங்களாகவே வாசிக்கப்பட்டுள்ளன. எந்த நாளில், எந்தக் கதவில், எந்த அறிகுறி யாருக்குத் தெரிந்திருந்தது என்று அவற்றை நுணுகி வாசித்தால், காவலர் பயிற்சிக்கு உரிய பாடநூலாகவும் அவை பயன்படும். அவர்களுள் எஞ்சியோர் முதுமையடைந்து விட்டதால் இப்பணி தாமதத்தைத் தாங்காது. இரண்டாவது, சிறைப்பயிற்சிக்கான தமிழ்க் கலைச்சொற்களை வகுத்தல். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பணியாற்றும் சிறை உத்தியோகத்தர் தாம் கண்டதைத் தம் மொழியில் துல்லியமாக எழுத இயல வேண்டும். காவலரின் அறிக்கையில் சரியான சொல் இல்லாதபோது அறிகுறி பதிவாவதில்லை. பதிவாகாத அறிகுறியின் விளைவு என்னவென்பதை 1983 யூலை 26ஆம் நாளில் வெலிக்கடையில் இன்னும் உயிரோடிருந்த பதினெட்டுப் பேரின் கதை சொல்லும்.